கட்டி முந்தியா, சீனி முந்தியா

ஜனவரி 14, செவ்வாய்

காலையில் கண்டி, மஹய்யாவவில் தூறல். பால் பொங்கியதும் எட்டரை பஸ். நாவலப்பிட்டியில் அக்கா வீடு.

கதவைத் திறந்தது அக்காதானா என்று உற்றுப் பார்த்தேன். அவ்வளவு மெலிவு. மோதிரம் கழன்று விழாமல் நூல் சுற்றிப் போட்டிருக்கிறாள். அவர்களுடைய சாரிக் கடைக்கு வருகிற பெண்கள் "எப்படி இப்பிடி மெலிஞ்சீங்க?" என்று கேட்கிறார்களாம். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை. நவம்பரில் நீரிழிவு, சீனி வருத்தம் என்று தெரியவந்தது. மாத்திரை, வாய்க்கட்டு, இரவில் சோற்றுக்குப் பதில் குரக்கன் ரொட்டி.

சர்க்கரைப் பொங்கலில் ஒரு வாய் எடுத்தாள். அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்பிடித் தின்னுதான் வருத்தத்த இழுத்துக்கிட்டா. இன்னமும் வாயக் கட்டத் தெரியல."

அக்கா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே யோசனை. வாய்க்கட்டு நவம்பரில்தான். பிளவுஸ் தொளதொளக்க ஆரம்பித்தது செப்டெம்பரில் என்று அவளே சொன்னாள். அப்போது நன்றாகத்தானே சாப்பிட்டாள். பின் ஏன்?

ஜனவரி 16, வியாழன்

குளிர். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை. பதினெட்டு வருடமாக டவுனில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை. கையில் வருவதில் பாதி சீனிதான்.

அக்காவின் பழைய ரிப்போர்ட்டுகளைப் போனில் அனுப்பச் சொன்னேன். போன வருடம் மார்ச்சில் வெறும் வயிற்றில் 90. நவம்பரில் 248. நான் பார்க்கிற ஆட்களுக்கு வருடக்கணக்கில் ஏறும். 100, 108, 115 என்று. இது எட்டு மாதத்தில்.

மதியம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசித்தேன். ஐம்பது கடந்த பிறகு திடீரென்று சீனி வந்து, கூடவே எடையும் குறைந்தால், சிலருக்குக் கணையத்தில் கட்டி இருக்கலாம். சிலருக்கு மட்டும். பெரும்பாலானவர்களுக்கு இல்லை. (இதை இரண்டு தடவை வாசித்தேன்.)

கேள்விகள்:
– சீனி கூடினால் செல்லின் மரபணு கெடுமா?
– மரபணு கெட்ட செல் சீனியைக் கூட்டுமா?
– இரண்டுமேவா?
– அப்பா?

அப்பா சாகும்போது எனக்குப் பதினாறு. எலும்பும் தோலும், கண்ணில் மஞ்சள். சீனி ஆளைக் கரைத்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். யாரும் எதையும் பரிசோதித்துப் பார்க்கவில்லை.

பருப்பு ஆறிப்போய்விட்டது. மின் கட்டணம் நாளை.

ஜனவரி 19, ஞாயிறு

அத்தானுக்குப் போன்.

"மாத்திரைய மாத்தினா சரியாயிரும்னு இங்க டொக்டர் சொல்றாரு. நீ ஏன் சும்மா பயங்காட்டுற?"

"பயங்காட்டல அத்தான். ஒரு தடவ கண்டிக்குக் கூட்டிட்டு வாங்க. ஒண்ணும் இல்லேன்னா என்னயத் திட்டுங்க."

பிறகு, "சனிக்கிழம கடைய யாரு பாக்குறது?" என்றார். அப்படியென்றால் வருகிறார் என்று அர்த்தம்.

ஜனவரி 25, சனி

கிளினிக்கில் இரண்டரை மணி நேரம். பெண் டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரர். நீரிழிவை "சலரோகம்" என்றார். அக்காவுக்கு விளங்கவில்லை. "சீனி வருத்தத்தத்தான் சொல்றாங்க" என்று காதில் சொன்னேன்.

டொக்டர் ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் மேசையில் பரப்பினார்.

"எத்தினை கிலோ குறைஞ்சது?"

"ஒம்பது இருக்கும் டொக்டர்."

"சாப்பாட்டைக் குறைக்க முந்தியோ, பிறகோ?"

நான் கேட்ட அதே கேள்வி. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், உடனே வெட்கம்.

"ஒரு ஸ்கேன் எடுத்துப் பாப்பம். ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா பாக்காமல் விடக்கூடாது."

அத்தான் வெளியே வந்து தண்ணீர்ப் போத்தல் வாங்கினார். மூடியைத் திறந்து அக்காவிடம் கொடுத்தார்.

ஜனவரி 30, வியாழன்

ஸ்கேன் வந்தது. கட்டி இருக்கிறது. கணையத்தின் வால் பக்கம், சிறியது. வேறெங்கும் பரவினதாகத் தெரியவில்லை. வெட்டி எடுக்கலாம்.

அக்கா என் வீட்டில். இரவுச் சாப்பாடு பாணும் சம்பலும். யாருக்கும் இறங்கவில்லை. அத்தான் கடைசி பஸ்ஸில் போய்விட்டார்.

பாத்திரம் கழுவும்போது அக்கா: "கடையில பிளேன்டீக்குச் சீனி அள்ளி அள்ளிப் போட்டுக் குடிச்சேன்டி. வருசக் கணக்கா. அதான்."

"அதுனாலன்னு யாரு சொன்னா?"

"எல்லாருந்தான்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாமல் எப்படிச் சொல்வது?

பெப்ரவரி 13, வியாழன்

ஆப்பரேஷன். ஐந்து மணி நேரம். கணையத்தில் பாதியும் மண்ணீரலும் போயின. அத்தான் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருந்தார். உட்காரப் போட்ட கதிரை காலியாகத்தான் கிடந்தது. பிழைத்தாள்.

பெப்ரவரி 19, புதன்

அக்கா எழுந்து நாலடி நடந்தாள். வலிக்கிறது என்று தாதியிடம் சண்டை. நல்லது.

விசித்திரம்: சீனி இறங்குகிறது. கணையம்தான் இன்சுலின் செய்கிற இடம். பாதியை வெட்டினால் சீனி ஏறத்தானே வேண்டும்? நேற்று 131. இன்று 118. மாத்திரையை நிறுத்தி ஆறு நாள்.

வார்டு சுற்றில் டொக்டரைப் பிடித்தேன்.

"ஓம், எனக்கும் ஆச்சரியம்தான். சில பேருக்குத்தான் இப்பிடி நடக்கும். அந்தக் கட்டி எதையோ சுரந்து, மிச்சக் கணையத்தையும் வேலை செய்ய விடாமல் வைச்சிருக்கும். அது போனதும் மிச்சம் முழிச்சிட்டுது."

"எதைச் சுரந்துச்சு?"

"அதை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கினம். இன்னும் சில நாள் பாப்பம். அவா இப்ப சாப்பிடுறதும் குறைவுதானே."

கையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

பெப்ரவரி 22, சனி

வெயில். துணி காய்ந்தது.

கட்டியின் துணுக்கு மரபணுப் பரிசோதனைக்கு இந்தியாவுக்குப் போகிறது. அக்காவின் இரத்தத்தையும் அனுப்பலாம் என்றார் டொக்டர். அப்பாவின் கதையைச் சொன்னேனே, அதனால். பரம்பரையில் வருகிற பிறழ்வு என்றால் இரத்தத்தில் தெரியும்.

அக்கா மாட்டேன் என்றாள். அவளுடைய ஒரே மகள் தர்ஷினிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"ரத்தத்துலயே இருக்குதுன்னு வந்தா? யாரு வருவா அவளுக்கு?"

"வந்தா அவ முன்கூட்டியே பாத்துக்குவா. நானுந்தான். ஒனக்குள்ளது எனக்கும் இருக்கலாமே."

"ஒனக்குப் பயமா இல்லையா?"

"பயந்தான். ஆனா தெரியணும்."

எங்கள் ஆய்வுகூடத்தில் அவளுடைய இரத்தம் ஒரு குழாய் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது, வேறு டெஸ்டுக்கு எடுத்தது. ஒரு படிவம் நிரப்பினால் அதுவும் இந்தியாவுக்குப் போய்விடும். அந்த நினைப்பு வந்தது என்று எழுதி வைக்கிறேன். அவள் இரத்தம். அவள் சொல்ல வேண்டும்.

பெப்ரவரி 24, திங்கள்

தர்ஷினி கொழும்பிலிருந்து வந்து, அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கதைத்தாள். நான் வெளியே. என்ன கதைத்தார்களோ. மாலையில் அவள் போனதும் அக்கா என்னைக் கூப்பிட்டு முழங்கையை நீட்டினாள்.

"எடு. நீயே எடு. இந்த வார்டுப் புள்ளைங்க நரம்பு தேடியே கொல்லுறாங்க."

மார்ச் 22, சனி

மத்தியானம் மழை, கால் நனைந்து கிளினிக். அக்கா, அத்தான், நான். ரிப்போர்ட் வந்துவிட்டது.

இரத்தத்தில் பரம்பரையாக வருகிற, இன்றைக்குத் தெரிந்த பிறழ்வு எதுவும் இல்லை. ("தெரியாததைப் பற்றி எனக்கும் தெரியாது" என்றார் டொக்டர். பிடித்தது.) அப்பாவுக்கு என்ன என்பது இனித் தெரியவே வராது. தர்ஷினிக்கு உடனே செய்தி அனுப்பினேன்.

கட்டியில் இருக்கிறது. மரபணுத் தொகுப்பில் முந்நூறு கோடி எழுத்து இருக்கிற இடத்தில் முக்கியமான ஒரு எழுத்து மாறிக் கிடக்கிறது. அதற்குப் பிறகு வேறு சிலவும்.

"இது பிறக்கேக்க வந்ததில்லை. எப்பவோ ஒரு செல்லில நடந்தது. பத்து வருசத்துக்கு முந்தியும் இருக்கலாம்."

"அப்போ இவளுக்குச் சீனியே இல்லையே" என்றேன்.

"ஓம். வருசக்கணக்காச் சலரோகம் இருக்கிற ஆக்களுக்கு இந்த ஆபத்துக் கொஞ்சம் கூடத்தான். செல்லுகளைக் கூடின சீனியில வைச்சா மரபணு பழுதாகிறதையும் ஆய்வுகூடத்தில பாத்திருக்கினம். ரெண்டு பக்கமும் பாதை இருக்கு. ஆனா உங்கட அக்காவில கட்டிதான் முந்தி, சீனி பிந்தி எண்டுதான் நான் நினைக்கிறன்."

செவ்வாய் தொடங்கி மருந்து ஏற்ற வேண்டும். ஆறு மாதம். முடி கொட்டலாம், வாந்தி வரும். திரும்பி வராது என்று எழுதித் தர முடியாது, ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்தது பெரிய விஷயம். என் வீட்டில்தான் தங்குவாள்.

அக்கா அதையெல்லாம் கேட்டாளா என்று தெரியவில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"டொக்டர், அப்போ நான் தின்னதுனால வரல?"

"இல்லை அம்மா. நீங்கள் ஒண்டும் பிழையாச் செய்யேல்லை."

அக்கா அழவில்லை. அத்தான் இருந்த பக்கம் கையைக் காட்டினாள்.

"அத இவருகிட்டச் சொல்லுங்க."

டொக்டர் கதிரையைத் திருப்பிக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அத்தான் எழுந்து நின்று கேட்டார்.