ஒன்பதாம் வகுப்பு, அ பிரிவு

ராயப்பேட்டை,
சென்னை-14.
17-11-96

அன்புள்ள அத்தானுக்கு,

புஷ்பம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பூரணியும் இங்கே சுகம். முருகன் புண்ணியத்தில் நீங்களும் மஸ்கட்டில் அப்படியே இருக்க வேண்டும். நம் தெருக் கடை ஷாஹுல் ஹமீது பாயின் மச்சான் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறார். அவர் கையில் இந்தக் கடிதமும், பருப்புப் பொடியும், முதுகுவலித் தைலமும் கொடுத்து அனுப்புகிறேன். தைலத்தை அலமாரியில் வைத்துவிட்டு வலி போய்விட்டது என்று எழுதாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய சேலை நன்றாக இருக்கிறது. இவ்வளவு பச்சை எனக்கு எதற்கு என்று முதலில் நினைத்தேன். கட்டிப் பார்த்த பிறகு அவிழ்க்க மனசு வரவில்லை. பாண்டி பஜார் கடையில் இந்த வருஷம் சேலைக்கு ஃபால்ஸ் தைக்க மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். கண் எரிகிறதே தவிர வேறு குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த வெயிலில் நீங்கள் நிற்பதை நினைத்தால் நான் உட்கார்ந்து தைப்பதெல்லாம் ஒரு வேலையா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பாய் கடைக்கு போன் போட்டபோது, "ஏ செக்‌ஷன் பிள்ளை எப்படிப் படிக்குது?" என்று கேட்டீர்கள். அவ நல்லா இருக்கா என்று மட்டும் சொன்னேன். கடையில் நாலு பேர் நின்றார்கள். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. பூரணி இப்போது ஏ செக்‌ஷனில் இல்லை. அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலேயே இல்லை. ஆயுத பூஜை லீவு முடிந்ததும் அவளைப் பழையபடி நம் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிட்டேன். கோபப்படுவதானால் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

முதலில் அந்த ஏ எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். மே மாதம் அட்மிஷனுக்குப் போனபோது, அங்கிருந்த அம்மா, பிள்ளை எட்டாவதில் எந்த செக்‌ஷன் என்று கேட்டார். நான் "அ பிரிவு" என்றேன். அவர் முகமெல்லாம் மலர்ந்து "ஏ செக்‌ஷனா, வெரி குட்" என்று எழுதிக்கொண்டார். அந்தப் பள்ளியில் முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளைகளைத்தான் ஏ-யில் போடுவார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? நம் பள்ளியில் அ-வை விட்டால் வேறு பிரிவே கிடையாதே. உங்கள் காலத்தில் அ, ஆ, இ, ஈ என்று நீண்டு போய், நீங்கள் ஊ பிரிவில் உட்கார்ந்திருந்தீர்கள். பையன்கள் உங்களை ஊமை என்று கேலி செய்ததைக் கல்யாணமான புதிதில் நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். இப்போது ஆ-விலிருந்து ஊ வரைக்கும் உள்ள அறைகளில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். காலையில் நம் தெருவுக்குள் வேன் மேல் வேனாக வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது.

அவள் ஏ செக்‌ஷன் என்றதும் நீங்கள் ரூமில் எல்லோருக்கும் பிரியாணி போட்டதாக எழுதினீர்கள். அதைப் படித்துப் பூரிப்பில் அழுதேன். இப்படி ஒரு தப்பு நடந்திருக்கிறது என்று அப்போது எனக்கே தெரியாது.

ஜூலையில் ஒருநாள் சயின்ஸ் வகுப்பில், செடி தனக்கு எப்படி உணவு தயாரிக்கிறது என்று கேட்டார்களாம். நம் பிள்ளை எழுந்து ஒளிச்சேர்க்கையைத் தலை முதல் கால் வரை விளக்கியிருக்கிறாள். அத்தனையும் தமிழில். வகுப்பே சிரித்ததாம். தமிழில் பேசியதற்காக டைரியில் எழுதி அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டவள் நான்தான். அன்றிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. பள்ளியில் மட்டும் இல்லை, வீட்டிலும்தான். குழம்பில் உப்பில்லை என்றாலும் சொல்லாமல் சாப்பிட்டாள். ராத்திரி சாப்பாடு ஆனதும் அர்த்தம் தெரியாத இங்கிலீஷை முணுமுணுவென்று உருப்போடுவாள். கீழ் வீட்டு முனியம்மாள் என்னை நிறுத்தி, "இன்னா புஷ்பம், கொயந்த ஒரு மாரியா கீதே, எதுனா திட்னியா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

காலாண்டுப் பரீட்சையில் தமிழும் கணக்கும் தவிர எல்லாம் போச்சு. டி செக்‌ஷனுக்கு மாற்றுகிறோம், இல்லாவிட்டால் மறுபடி எட்டாவதில் உட்காரட்டும் என்றார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுடைய வழக்கம் அது. ஆனால் அங்கே நீரஜா மிஸ் என்று ஒருவர் இருக்கிறார், மயிலாப்பூர்க்காரர், இங்கிலீஷ் எடுக்கிறவர். அவர் வாசல் வரைக்கும் என்கூட வந்து, "இந்தக் கொழந்தைக்கு எல்லாம் தெரியறது. தமிழ்ல தெரியறது. அதை வெச்சுண்டு நான் இங்க எப்படி மார்க் போடறது, சொல்லுங்கோ" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். என் பிள்ளை மக்கு இல்லை என்று வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாளே பூரணியைக் கூட்டிக்கொண்டு நம் பள்ளிக்குப் போய் தேவானை டீச்சரைப் பார்த்தேன். எட்டாவதில் பூரணியின் வகுப்பு டீச்சர் அவர்தான், இப்போது ஒன்பதாவதுக்கும் அவர்தான். மே மாத வெயிலில் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். நம் வீட்டுக்கும் வந்தார். மோர் கொடுத்துவிட்டு, எங்களுக்கு டி.சி. வேண்டும் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கே வாங்கிக்குங்கம்மா. என் பையனையே நான் கான்வென்ட்லதான் போட்டிருக்கேன், உங்கள என்ன சொல்றது" என்று சொல்லிப் போனவர். அவர் எதிரில் மறுபடி எப்படி நிற்பது என்று கூசிக்கொண்டேதான் போனேன். அவரோ ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூரணியைப் பார்த்து, "வந்துட்டியா? போய் உன் எடத்துல உக்காரு" என்றார். எட்டாவதில் உட்கார்ந்த அதே வரிசையில் அவள் இடம் ஒன்பதாவதிலும் காலியாகவே இருந்ததாம்.

பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. பிள்ளைகள் குறைந்தால் அதற்குத் தக்கபடி டீச்சர்களையும் குறைப்பார்களாம். ஆகஸ்டில் தலை எண்ணிப் பார்த்ததில், குறைக்கிறவர்கள் பட்டியலில் தேவானை டீச்சர் பெயர் வந்துவிட்டது. அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் உபரி. சோற்றில் மிஞ்சியது மாதிரி ஒரு மனுஷியை உபரி என்கிறார்கள்! வருகிற ஜூன் மாதம் வேறு எங்கேயோ அனுப்பிவிடுவார்கள். பூரணி திரும்பி வந்ததால் அது மாறாது. அது தெரிந்தேதான், விட்டுப்போன பாடங்களை அவளுக்குச் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்.

எது சரி டீச்சர், நான் செய்ததா, நீங்கள் உங்கள் பையனுக்குச் செய்ததா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "எனக்கே தெரியலம்மா. அவன் படபடன்னு இங்கிலீஷ் பேசறப்ப சந்தோஷமா இருக்கு. ஆனா நான் டீச்சரா இருந்தும் எங்கிட்ட வந்து ஒரு சந்தேகம் கேக்க மாட்டேங்கறான்" என்றார். ஊர் முழுக்க ஒரு பக்கம் ஓடும்போது நாம் மட்டும் திரும்பி நடக்கிறோமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. பத்தாவதுக்குப் பிறகு என்ன ஆகுமோ என்றும் கவலை இருக்கிறது.

ஆனால் வீட்டில் சத்தம் திரும்பி வந்துவிட்டது. நேற்று ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கட்டியதும் இறக்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தாள். மழைத் தண்ணீரை யார் முதலில் பிடிப்பது என்று முனியம்மாளோடு சண்டை போட்டுக் கெட்டிக்காரத்தனமாக ஜெயித்தாள். தோற்ற முனியம்மாளே, "இப்பதான் கொயந்தைக்கு வாய் வந்துகீது" என்று சிரித்தாள். இங்கிலீஷையும் விடவில்லை. நீரஜா மிஸ் சனிக்கிழமைதோறும் மயிலாப்பூரில் தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். அங்கே தப்பும் தவறுமாகப் பேசலாம், யாரும் சிரிக்க மாட்டார்களாம். இத்தனை நல்ல மனுஷர்கள் நமக்கு வாய்த்ததற்கு நான் எந்தக் கோயிலில் போய் எத்தனை விளக்குப் போட்டாலும் தகும்.

நீங்கள் ஏன் இங்கிலீஷ், இங்கிலீஷ் என்று துடிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இன்ஜினீயர் கேட்டது உங்களுக்குப் புரிந்தது, பதிலும் தெரிந்தது, வாயில்தான் வரவில்லை. பக்கத்தில் நின்ற சின்னப் பையன் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டான், இப்போது அவன்தான் உங்களுக்கு சூப்பர்வைசர். அந்த இடத்தில் பேனா அழுந்தி மை ஊறியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன். மகளுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதானே நினைக்கிறீர்கள்? அவளுக்குப் பதினாலு வயதிலேயே அதுதான் நடந்துகொண்டிருந்தது. நீங்கள் இங்கே இருந்து அந்த முகத்தைப் பார்த்திருந்தால், எனக்கு முன்னாலேயே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

லீவில் வரும்போது திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். அவளை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். அப்பாவுக்குத் தலைகுனிவு ஆகிவிட்டதே என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம். போனில் அவளிடம் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசுங்கள், அது போதும்.

ரூமில் கேட்பார்கள், மகள் எந்த ஸ்கூல் என்று. நம் பள்ளிக்கூடத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அங்கே படித்த ஒருவருக்குத்தான் எங்கள் அப்பா என்னைக் கட்டிக்கொடுத்தார். இந்தப் பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூட நான் அதற்காக வருத்தப்பட்டதில்லை. மகளும் அவரைப் போலவே வரட்டும் என்றுதான் தினமும் சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்றும் உங்கள்,
புஷ்பம்