மூன்றாவது கேசட்

சங்ககிரி
8.3.87

அன்புள்ள சடையா,

நம் முதல் இரண்டு கேசட்டும் தீர்ந்துவிட்டன. லாரி டிரைவர்கள் மறுபடி பதிந்து தரச் சொல்லிக் கேட்கிறார்கள். லாரிப் பட்டறையில் பதிந்த முதல் கேசட்டில் உன் டிரம்மோடு சுத்தியல் சத்தமும் விழுந்திருக்கிறது. அதுதான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம். சினிமாப் பாட்டே பாடாத ஒரு குழுவுக்கு இந்த ஊரில் இதுவே அதிகம்.

மூன்றாவதைப் பற்றித்தான் கேள்வி வருகிறது. "ஏனுங்க, டிரம்மு மட்டும் அடுத்த ஊர்ல அடிக்கற மாதிரி கேக்குதே?" என்றார் ஒரு டிரைவர். மைக் கோளாறு என்றேன்.

அதைப் பதிந்த போன வருடக் கோயில் திருவிழாவில் நடந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது? விழாத் தலைவர் என் சொந்த மாமன். "அந்தத் தெருக்காரன் மேடை ஏறப்படாது. கீழ உக்காந்து அடிச்சா சத்தம் வராதாக்கும்?" என்றார். நீ டிரம்மை இறக்கினாய். மைக்கெல்லாம் மேலே இருந்தன. நம் குழுவின் மற்ற இருவரும் ஒயரைப் பார்த்தார்கள். நான் குனிந்து கிட்டாருக்குச் சுருதி கூட்டினேன்.

இந்த வருடமும் மாமன் கூப்பிட்டார். சடையன் மேடையில் உட்கார்ந்தால் வருகிறோம் என்றேன். "உம்பட பாட்டு இல்லாட்டி சாமி கோவிச்சுக்குமாக்கும்!" என்று சிரித்தார். மற்ற இருவரும் அங்கே சினிமாப் பாட்டு வாசிக்க ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

நான்காவது கேசட்டுக்கு ஆறு பாட்டு எழுதியிருக்கிறேன். வருவதும் வராததும் உன் இஷ்டம். வராவிட்டால் டிரம் இல்லாமலே பதிவேன், வேறு ஆள் வைக்க மாட்டேன்.

அந்த மேடைக்கு ஐந்து படிதான். நானும் உன்னோடு இறங்கியிருக்கலாம்.

உன் கிட்டார்க்காரன்