பால் டின் கணக்கு

புந்தோங், ஈப்போ
10.9.2024

அன்பு மகள் சாந்தினிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையே "எப்பம்மா வார?" என்று கேட்டுவிடுகிறேன்; நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்த ஈமெயில், ஒற்றை விரலால்.

மெல்பர்னில் உன் உணவக முதலாளிக்கு நம் முறுக்குக்குக் காலிக் கெட்டிப்பால் டின்னால் அளக்கிற அளவு வேண்டாமாம், கிராம் வேண்டுமாமே. லாரி ஓட்டியவனுக்கு எடை தெரியாதா? டின்னைத் திருப்பிப் பார்த்தேன், ஐந்நூறு கிராம் என்று போட்டிருக்கிறது. ஆக, அரிசி மாவு நாலு டின், இரண்டாயிரம். உளுந்து மாவு ஒரு டின், ஐந்நூறு. வெண்ணெய் நூறு, அது கட்டியிலேயே கோடு போட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை சுட்டுக் காட்டு, வேலை நிலைக்கட்டும்.

உன் அறைக்குப் பெயிண்ட் அடித்தேன். சும்மாதான்.

அப்பா


மெல்பர்ன்
14.9.2024

அப்பா,

முறுக்கு கல். முதலாளி ஒரு கடி கடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வெள்ளி இன்னொரு தடவை பார்ப்பாராம். அதுவும் சரியில்லை என்றால் விசா நீட்டிக்க மாட்டார், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஒன்று கேட்கிறேன். நான் வரணும்னுதான் தப்பா எழுதினீங்களா? அறைக்குப் பெயிண்டும் அடித்தாயிற்றே.

சாந்தினி


ஈப்போ
15.9.2024

சாந்தினிக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்தேன். டின்னைப் பிடுங்கிப் பார்த்தாள். "ஏங்க, இது உள்ள இருந்த பாலோட எடை லா! பாலும் மாவும் ஒண்ணா?" என்றாள். வெளியே சொல்லிவிடாதே.

மாவைத் தூக்கிக்கொண்டு கௌஸின் மளிகைக் கடைக்கு ஓடினேன். டின்னைத் தட்டினால் மாவு அமுங்கி இன்னும் கொள்கிறது, எடை ஏறுகிறது, தட்டாவிட்டால் இறங்குகிறது. "மாவு நிறுக்க வந்தீங்களாண்ணே, மேளம் அடிக்க வந்தீங்களா?" என்கிறான்.

சலித்து, கரண்டியால் போட்டு, தட்டாமல் வழித்தால், அரிசி மாவு நாலு டின்னும் சேர்த்து எண்ணூற்று நாற்பது கிராம். உளுந்து மாவு நூற்று எண்பது. டின் எடையைக் கழித்தாயிற்று. வெண்ணெய் அதே நூறு. இரண்டரைக் கிலோ மாவுக்கு அந்தத் துளி வெண்ணெய் போட்டால் கல்லாகாமல் என்ன செய்யும்?

நீ வர வேண்டும் என்று ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் திட்டம் போட்டு மாவைக் கெடுக்கிற அளவுக்கு உன் அப்பனுக்கு மூளை இருந்திருந்தால், அந்த லாரிக்கு நானே முதலாளி ஆகியிருப்பேன்.

இந்தக் கணக்கை அம்மாவும் சரி பார்த்துவிட்டாள். பயப்படாமல் பிசை.

அப்பா


மெல்பர்ன்
21.9.2024

அன்புள்ள அப்பா,

நேற்று முறுக்கு வாயில் வைத்ததும் உடைந்தது. முதலாளி தட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு வருட விசாவுக்குக் கையெழுத்துப் போட்டார்.

இந்தத் தீபாவளிக்கு லீவு கிடைக்காது அப்பா. தப்பா எழுதினீங்களா என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

உங்கள் சாந்தினி


ஈப்போ
22.9.2024

சாந்தினிம்மா,

கேட்டால் என்ன, அப்பாதானே. உனக்கு விசா கிடைத்ததை அம்மா பக்கத்து வீட்டு மாரியம்மா வரைக்கும் சொல்லியாயிற்று. நான்தான் உட்கார முடியாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

சின்னத் தராசு ஒன்று வாங்கியிருக்கிறேன். ஓர் உதவி செய். நாலு டின்னுக்குக் குறைத்துப் பிசைந்து எனக்குப் பழக்கமில்லை. இரண்டு பேருக்கு மட்டும் என்றால் எத்தனை கிராம் வரும் என்று கணக்குப் போட்டு அனுப்பு.

அப்பா