ஒரு செருப்பு

1987 பெப்ரவரி 10, செவ்வாய்

கனகலிங்கம் பொய்யன்.

லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டு மேல் அறையில் இருக்கிறார். அவருடைய அகதி விண்ணப்பத்துக்காக இன்று சட்டத்தரணியிடம் மொழிபெயர்த்தேன். "ஆமி மகனைச் சுட்டுப்போட்டான். ஓடின பிள்ளையின்ர ஒரு செருப்புத்தான் எனக்குக் கிடைச்சது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பல் தெரிய!

அவர் வெளியே போனதும் சட்டத்தரணி கேட்டார்: "நீ நம்புகிறாயா?"

"நோ" என்றேன். குறித்துக்கொண்டார்.

பிள்ளையைப் பறிகொடுத்தவன் சிரிப்பானா? ஆதாரம் எதற்கு, எனக்குள்ளே தெரிந்தது. இப்படிப்பட்டவர்களால்தான் உண்மையாக அடிபட்டு வந்தவனையும் சந்தேகிக்கிறார்கள்.

பெப்ரவரி 19

நான் மொழிபெயர்த்துக் கொடுத்த இன்னொருவர், சிவனேஸ்வரி அக்கா. அவருக்கு அகதி அனுமதி கிடைத்துவிட்டது. "விசாரணையில அழுது கதிரையோட சரிஞ்சிட்டன், தம்பி. அந்த வெள்ளை அதிகாரியே தண்ணி எடுத்துத் தந்தவர்." முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதும் அதிகாரிகள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 6, வெள்ளி

ஆர்ச்வே முருகன் கோயில். கனகலிங்கத்தின் ஊர்க்காரி செல்வமலர் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். "உங்கட கனகலிங்கம் நல்லாச் சிரிப்பார்" என்று நக்கலாகச் சொன்னேன்.

திரும்பிப் பார்த்தார். "மகனின்ர செத்தவீட்டிலயும் அந்தாள் சிரிச்சுக்கொண்டுதான் நிண்டது. சனம் ஏசினது. பிள்ளையின்ர செருப்பில ஒண்டு எங்கட வேலிக்கரையில கிடந்தது. குடுக்கப் போனனான். அந்தச் சிரிப்பைப் பாத்திட்டுக் குடுக்காமலே வந்திட்டன்."

கனகலிங்கம் சொன்ன செருப்பைப் பற்றி நான் இவரிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

என்ன செய்துபோட்டன்?

மார்ச் 9

விண்ணப்பம் ஏற்கெனவே போய்விட்டது. சட்டத்தரணி எழுதியது நாலே வரி, அரைமனதோடு. செல்வமலர் எழுதித் தந்த கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். ஊர்க்காரர் எழுதினால் எடுபடாதாம்.

"நான் இப்போது அவரை நம்புகிறேன்" என்றேன்.

"அது உன் உணர்வு. ஆதாரம் அல்ல" என்றார் சட்டத்தரணி.

அன்றைய என் "நோ"வுக்கு மட்டும் என்ன ஆதாரம் இருந்தது?

மார்ச் 13

விடியக் குடிவரவு அதிகாரிகள் வந்து கனகலிங்கத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மேல் அறைக் கட்டிலில் போர்வை மடித்தபடி இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

தடுப்பு நிலையம். கனகலிங்கத்தைத் திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுக்க நாளைக்கு அதிகாரி கடைசித் தடவையாக விசாரிப்பார். தோடம்பழம் கொண்டுபோனேன்.

"அண்ணை, உங்களைப் பொய்யன் எண்டு சொன்னது நான்தான்."

"தெரியும், தம்பி. அண்டைக்குச் சட்டத்தரணியின்ர கதவு சாத்தேல்லை. 'நோ' எண்டா எனக்கும் விளங்கும்தானே." சிரித்தார். அதே சிரிப்பு. பார்க்க ஏலவில்லை.

"நாளைக்குச் சிரிக்காதேங்கோ. அவனுக்கு முன்னால ஒருக்கா அழுங்கோ, அண்ணை. பொய்யாயாவது அழுங்கோ!"

அவர் தோடம்பழத்தை உரித்து, பாதியை என் பக்கம் தள்ளினார்.