வினோகுரின் காலடியில் அப்பாவின் இசை

மான்செஸ்டர்
1957 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரீனாவுக்கு அம்மா எழுதுவது.

மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் முதலில் எழுதினேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு இதைத் தொடங்கியிருக்கிறேன். என் முழங்கால் வலி இருக்கிறபடி இருக்கிறது, அதை விடு. லீட்ஸில் உன் அண்ணன் பெரிய வீடாகப் பார்த்துக் குடிபோயிருக்கிறான், குளியலறை இரண்டாம், இரண்டிலும் ஒரே சமயத்தில் அவன் பெண்டாட்டி எப்படிக் குளிக்கப் போகிறாள் என்று தெரியவில்லை. உன் அப்பாவுக்கு உடம்பில் ஒரு நோயும் இல்லை, வறுத்த மீனை என் தட்டிலிருந்தும் எடுத்துச் சாப்பிடுகிறார். ஆனால் அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மாலைத் தொழுகைக்குப் போயிருக்கிறார், திரும்பி வருவதற்குள் எழுதி முடித்து உறைக்குள் வைத்துவிட வேண்டும், அதனால் கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் ஆலயப் பாடகர் லேசர் வினோகுர் குளிர் தொடங்கும்போது இறந்துபோனார் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். ஊரே கூடித்தான் அடக்கம் செய்தோம். பெரிய மனிதரைப் புதைக்கும்போது கிழிந்த ஜெபப் புத்தகங்களையும் அவர் பக்கத்திலேயே புதைப்பது நம் யூதர்களுக்கு வழக்கம்தானே, ஆண்டவர் பெயர் எழுதிய தாளைக் குப்பையிலோ நெருப்பிலோ போட முடியுமா. நம் ஆலயப் பணியாள் டப்கின் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்த பழசையெல்லாம் அள்ளி ஒரு மரப்பெட்டியில் அடைத்து, சாக்கு சுற்றிக் கட்டி, வினோகுரின் கால்மாட்டில் இறக்கினான். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். உன் அப்பாவும் தன் பங்குக்கு மூன்று மண்வெட்டி மண் போட்டார். அந்தப் பெட்டியில் உன் அப்பா இசையமைத்த ஓய்வுநாள் ஆராதனை முழுவதும் இருந்தது ரீனா. வேறு பிரதி கிடையாது.

அது எப்படி அந்தத் தட்டுக்குப் போனது என்று கேட்பாய், அவரேதான் அதை அங்கே திணித்தார். நீ கப்பல் ஏறிய பிறகு நடந்தது இது. உனக்குத் தெரிந்த மனிதர்தானே, பகல் முழுக்க மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் துணிக்குப் பசை தடவிக்கொண்டே மனசுக்குள் நாலு குரலுக்கும் மெட்டுப் போடுகிறவர், வீட்டுக்கு வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் எழுதுகிறவர், நம் வீட்டு இசைத்தாளெல்லாம் ரப்பர் நாற்றம். தொழுகை முடிவில் பாடும் அதோன் ஓலாமுக்கு அவர் போட்ட மெட்டை லீட்ஸில் பாடுகிறார்கள், கார்டிஃபில் பாடுகிறார்கள், உங்கள் மெல்போர்னிலும் பாடினார்கள் என்று நீயே எழுதினாய், அது மோசே காலத்து மெட்டு என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னதாகவும் எழுதினாய். அதைப் படித்து அவர் வயிறு வலிக்கச் சிரித்தார். பெயர் போகட்டும், பாட்டு நிற்கட்டும் என்பார். ஆனால் இந்த ஓய்வுநாள் ஆராதனை விஷயத்தில் மட்டும் அப்படி இருக்கவில்லை, இதுதான் நான் எழுதினது, மற்றதெல்லாம் கைப்பழக்கம் என்றுதான் என்னிடம் சொல்வார். வினோகுர் அதைப் பாடமாட்டேன் என்றுவிட்டார். ஜெபத்தின் வார்த்தையை இரண்டு தடவை மூன்று தடவை திருப்பிப் பாடவைப்பது தவறு என்பது அவர் கட்சி. பாடகர் குழு முழுக்க நிற்கும்போது, "ஆண்டவருக்குக் காது நல்லா கேக்கும் எஃப்ரயிம், ஒருதடவை சொன்னாப் போதும்" என்றார். உன் அப்பா சும்மா இருப்பாரா, "மீன்காரன்கிட்ட மட்டும் ஒரே விலையை நாலு தடவை கேக்கறியே, அவனுக்குக் காது கேக்காதா" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த இசைத்தாள் கட்டைக் கிழிந்த புத்தகங்களுக்கு நடுவே செருகிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். உனக்குத் தேவையில்லையென்றால் குப்பையிலேயே கிடக்கட்டும் என்கிற கோபம். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் ஒவ்வொரு ஓய்வுநாளும் பாடினார்கள், முகம் பார்த்துப் பேசவில்லை. பாடப்படாத இசைக்கு யார் பிரதி எடுப்பார்கள்?

இப்போது வந்திருக்கும் புதுப் பாடகர் சின்ன வயது, காசென் என்று பெயர், பக்தியும் இருக்கிறது பசியும் இருக்கிறது, என் வீட்டு மாட்டிறைச்சிக் குழம்பு அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வந்து, வசந்தத்தில் ஆலயத்தின் ஐம்பதாம் ஆண்டு வருகிறது, உங்கள் ஓய்வுநாள் ஆராதனையை முழுசாகப் பாடப்போகிறோம், தாருங்கள் என்றார். உன் அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், கல்யாண மாப்பிள்ளை மாதிரி மேல்கோட்டை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பினார். அலமாரியைத் திறந்தால் கீழ்த்தட்டு துடைத்துவைத்தது மாதிரி இருந்ததாம். டப்கினைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவன் ஒளிக்கவில்லை, "பக்கத்துக்குப் பக்கம் ஆண்டவர் பேரு இருந்துச்சு, எலி கடிச்சிருந்துச்சு, கிழிஞ்சதோட கிடந்துச்சு, நான் வேற என்னங்க செய்யணும்" என்று கேட்டானாம். அவனைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை, அவன் செய்தது முறைப்படி சரி. உன் அப்பா அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார் என்று காசென்தான் வந்து சொன்னார்.

பெட்டியைத் தோண்டி எடுக்கலாமா என்று நம் குரு ரபி ஸ்லாட்கின் லண்டன் பெரியவர்களைக் கேட்டுவிட்டு வந்து சொன்னார். சவப்பெட்டியைத் தொடக்கூடாது, புத்தகப் பெட்டி கால்மாட்டில் தனியாக இருப்பதால் அந்த ஓரத்தை மட்டும் தோண்டலாம், ஆனால் விதவை சம்மதிக்க வேண்டும், பத்து ஆண்களோடு உன் அப்பா கல்லறைக்குப் போய், தொந்தரவு செய்வதற்காக இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆலயக் குழு கூடியிருந்த இடத்தில் இதைச் சொன்னதும் உன் அப்பா எழுந்து, வேண்டாம் என்றார். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்பதா, படுத்திருக்கட்டும், என் தலைக்குள் இருக்கிறது, மறுபடி எழுதித் தருகிறேன் என்றார். எல்லாரும் பிடிவாதக்காரர் என்று தலையில் அடித்துக்கொண்டார்கள், காசென் மட்டும் சந்தோஷப்பட்டார். நானும் அதை நம்பினேன். நம்பாமல் என்ன, அவர் தலைக்குள் இல்லாத பாட்டா?

அன்றிலிருந்து முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். பியானோ சத்தம் கேட்கவில்லை. நீ கேட்டிருக்கிறாய், உனக்கு நினைவிருக்கும், எழுதும்போது அவருக்கு வாய் மூடாது, முணுமுணுத்துக்கொண்டே இருப்பார், இப்போது அதுவும் இல்லை. வெளியே உறைபனி பிடித்துக்கொண்டது, கல்லறைத் தோட்டத்து ஆள் மண் கல்லாகிவிட்டது என்றான், பிறகு பனி உருகி மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழையைத் திட்டி எனக்கு வாய் ஓய்ந்துபோனது உனக்குத் தெரியும், இப்போது ஒவ்வொரு மழைக்கும் அந்தச் சாக்கு எவ்வளவு நனைந்திருக்கும், மை எவ்வளவு கரைந்திருக்கும் என்றுதான் யோசிக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை அவர் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரம் முன்னறையைப் பெருக்கப் போனேன். மேசை முழுக்க எழுதிய தாள். எனக்கு இசை படிக்கத் தெரியாது, ஆனால் கண் இருக்கிறதே, எல்லாத் தாளிலும் ஒரே நாலு வரி, மேலே தொடங்கி அதே இடத்தில் நின்றுபோயிருக்கிறது. ஒவ்வொன்றிலும் மேலே அழகாகத் தலைப்பு எழுதியிருந்தார். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன், அவர் வந்துவிட்டார். அவராகவே கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "எனக்கு அது ஞாபகம் இல்லை ஹெட்டி. தொடங்கறது தெரியுது, அப்புறம் ஒண்ணும் இல்லை. வினோகுர்கிட்ட மன்னிப்புக் கேக்கறதுக்கு எனக்கு என்ன வெக்கம். தோண்டி எடுத்து என் கையில குடுப்பாங்க, நான் பாத்துட்டு, நல்லாயிருக்கே, யார் எழுதினதுன்னு கேட்டுட்டேன்னா? அத்தனை பேர் முன்னாலயும்?"

எனக்கு முன்பே சந்தேகம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். தேநீர் குடித்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் எங்கே என்பார். புதன்கிழமை பட்டுத்தொப்பி வைத்துக்கொண்டு ஓய்வுநாள் தொழுகைக்குக் கிளம்பினார். வயசு என்று சொல்லிக்கொண்டேன். யாருக்குத்தான் மறக்கவில்லை, நான் மூக்குக்கண்ணாடியை மாவுப் பாத்திரத்தில் வைத்துவிட்டு நாள் முழுக்கத் தேடினவள்தானே. ஆனால் அன்று அவர் முகத்தில் இருந்தது பயம். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் பயந்து நான் பார்த்ததில்லை, குண்டு விழுந்த நாட்களில்கூட மேசைக்கு அடியில் உட்கார்ந்து உனக்குத் தாளம் போடக் கற்றுக்கொடுத்தவர். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபம் என்று கேட்காதே.

மறுநாளே அவரிடம் சொல்லாமல் மால்க்கா வினோகுர் வீட்டுக்குப் போனேன். துக்க வீட்டில் சொல்கிறபடி நீண்ட ஆயுசு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். "உயிரோட இருந்தப்ப என் புருஷனை நிம்மதியா விடல, இப்ப மண்ணுக்குள்ளயும் விடமாட்டீங்களா? எழுதித் தர்றேன்னு உன் வீட்டுக்காரர் சபையில சொன்னாராமே, எழுதட்டுமே" என்றாள். சரி என்று வந்திருக்கலாம். ஆனால் வாசலில் நின்றபடியே உண்மையைச் சொன்னேன், அவரால் எழுத முடியாது மால்க்கா, அவருக்கு நினைவு போய்க்கொண்டிருக்கிறது என்று. இந்தச் சொல்லை அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன், அதுவும் யாரிடம் பார். மால்க்கா கதவைச் சாத்தினாள், என்னை உள்ளே வைத்துத்தான் சாத்தினாள். "தோண்டிக்கோங்க. என் லேசரை மட்டும் அசைக்காதீங்க. இதை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே, ஊர் அவரைப் பாவம்னு பாக்க ஆரம்பிச்சுடும்" என்றாள். எனக்கு ஹெர்ரிங் மீனும் ரொட்டியும் கொடுத்தாள், இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

ரபி ஸ்லாட்கினிடம் போய், எஃப்ரயிம் வரமாட்டார், மன்னிப்பை நான் கேட்கிறேன் என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு ஏதோ தொடங்கினார், அந்தப் பாட்டு எழுதின கைக்குச் சோறு போட்டவள் நான், எனக்கும் அதில் பாத்தியதை உண்டு என்று சொன்னதும் சரி என்றுவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை, மழை விட்டிருந்தால் தோண்டுகிறார்கள். பாடகர் குழுவிலிருந்து பத்துப் பேர் வருகிறார்கள், பெட்டியிலிருந்து எடுப்பதை எடுத்துக்கொண்டு மீதியை அங்கேயே புதைத்துவிடுவார்கள். உன் அப்பாவிடம் கோழி வாங்கப் போகிறேன் என்று சொல்லப்போகிறேன். அவர் வேண்டாம் என்றதைச் செய்கிறேன், அது எனக்குத் தெரியும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். யார் எழுதியது என்று அவர் கேட்டால், நீங்கள்தான் என்று சொல்ல நான் வீட்டில் இருக்கிறேன். ஊர் முன்னால் அல்ல, முன்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

ஆனால் நான் சொல்லத்தான் முடியும் ரீனா, வாசித்துக் காட்ட முடியாது. அந்த ஆராதனையின் ஒவ்வொரு துண்டையும் பள்ளிக்கூடம் விட்டு வந்த உன்னைப் பியானோவுக்குப் பக்கத்தில் நிறுத்தித்தான் பாடிப் பார்த்தார். ஆலயத்தில் பெண் குரல் பாடக்கூடாது என்பதால் அதை முழுசாகப் பாடிய நீ யாருக்கும் தெரியாமல் போனாய். மை கரைந்த இடத்தில் என்ன இருந்தது என்று இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். காசென் நல்ல பிள்ளை, தாளில் இருப்பதைப் பாடுவார், இல்லாததை எங்கே போய்க் கேட்பார்? மாப்பிள்ளையிடம் நான் சொன்னேன் என்று சொல், குழந்தைகளை அவர் அம்மா பார்த்துக்கொள்ளட்டும், அந்த அம்மாளுக்கும் ஒரு வேலை வேண்டுமே.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். வெள்ளிக்கிழமை மாலை நான் விளக்கேற்றியதும் அவர் இரண்டு கையையும் நீட்டி, நீ தலை குனிந்து எதிரே நிற்பதுபோல் வைத்துக்கொண்டு உன்னை ஆசீர்வதிப்பாரே, நீ போன நாளிலிருந்து ஒரு வாரம் தவறியதில்லை. இந்த வெள்ளிக்கிழமையும் கையை நீட்டினார், வார்த்தை எல்லாம் பிசகில்லாமல் வந்தது. சொல்லி முடித்துவிட்டுக் கையை இறக்காமல் என்னைப் பார்த்து, "யாருக்கு ஹெட்டி இது?" என்று கேட்டார். ரீனாவுக்கு என்றேன். நான்தான் ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டதுபோல, "ஆமா, ரீனாவுக்குத்தான், வேற யாருக்கு" என்றுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது, டப்கின் அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறான். அந்த ஆசீர்வாதத்தை இந்தத் தடவை நானே எழுதிவிடுகிறேன்: ஆண்டவர் உன்னைச் சாராளைப் போலவும் ரெபெக்காளைப் போலவும் ராகேலைப் போலவும் லேயாளைப் போலவும் வைக்கட்டும், உன்னைக் காக்கட்டும், உனக்குச் சமாதானம் தரட்டும். கப்பலில் சளி பிடிக்கும், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள். அவருக்குத் தனியாகக் கடிதம் எழுதினால் இதில் உள்ள எதையும் குறிப்பிடாதே. வசந்தத்தில் பஸ்கா பண்டிகைக்குள் வந்துவிடு மகளே. நீ மணி அடித்ததும் அவரே வந்து கதவைத் திறந்து, "ரீனா" என்று கூப்பிடும் காலத்திலேயே வந்துவிடு.

உன் அம்மா,
ஹெட்டி கார்லின்