தூத்துக்குடிக்கு வராத மருந்து

சிகாகோ
12 ஜனவரி 1976

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வதுரை எழுதுகிறேன். நான் சுகம். இங்கே முழங்கால் அளவுக்குப் பனி.

அங்கே என்னதான் வேலை பார்க்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். சிறுநீரகம் தூண்டிவிட, ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் என்று ஒரு பொருள் உண்டாகிறது. அது போய் உட்காருவதற்கென்றே ரத்தக்குழாய்ச் சுவரில் இடங்கள் உண்டு. ஏற்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் குழாய் இறுகும், அழுத்தம் ஏறும். காயம்பட்டு ரத்தம் போகும்போது உயிரைப் பிடித்து வைப்பதும் அதுதான். அளவு மீறினால் மூளைக்கும் இதயத்துக்கும் கேடு. அந்த இடங்களில் முந்திக்கொண்டு உட்கார்ந்து, அதை அண்டவிடாமல் செய்யும் ஒரு மருந்தை இங்கே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். முதல் ஆளுக்கு அரை மணி நேரத்தில் நாற்பது புள்ளி இறங்கிவிட்டது.

அடுத்த கிறிஸ்துமஸுக்குள், உங்கள் ரத்த அழுத்தத்துக்கும் இந்த மருந்து உங்கள் கையிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

தங்கள் மகன்,
செல்வதுரை


தூத்துக்குடி
3 பிப்ரவரி 1976

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு,

அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் சபைப் போதகர் ஐயரவர்களிடம் கொடுத்தேன். சபைக்கு முன்னால் சத்தமாக வாசித்து, உனக்காக ஸ்தோத்திர ஜெபம் செய்தார். வெளியே வந்தால் பக்கத்து வீட்டுத் தேவகனி பிடித்துக்கொண்டான். “அண்ணாச்சி, மருந்து கப்பல்ல வருதா, பிளேன்ல வருதா? எனக்கும் ரெண்டு எடுத்து வையும்” என்கிறான். போலே, உன் கொழுப்புக்கு இஞ்சிதான் மருந்து என்றேன்.

டாக்டர் பராங்குசம் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டேன். அதைத் தின்றால் நாள் முழுக்கத் தூக்கம், வாயெல்லாம் வறட்சி. என் மகனுடைய மருந்து வருகிறது, அதுவரை பொறுத்துக்கொள்வேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! 190-க்கு 120 என்று சீட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். உன் அம்மா அந்தச் சீட்டைப் பார்த்ததிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அப்பா,
ஞானையா


சிகாகோ
20 பிப்ரவரி 1976

அன்புள்ள அப்பாவுக்கு,

தயவுசெய்து மாத்திரையை மறுபடி ஆரம்பியுங்கள். டாக்டர் சொல்வது சரி. தூக்கம் வருகிறது என்றால் அளவை மாற்றித் தருவார், கேளுங்கள்.

இங்கே அரசாங்க அனுமதி கொஞ்சம் தாமதமாகிறது. எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியவில்லை. சபையில் இதைப் பற்றி இனி அதிகம் பேச வேண்டாமே.

செல்வதுரை


தூத்துக்குடி
22 மார்ச் 1976

பிரியமான மகனுக்கு,

தாமதம்தானே? அதற்கு ஏன் இவ்வளவு தயங்கி எழுதுகிறாய்? துறைமுகத்தில் நான் ஓட்டிய நீராவிப் படகுக்கு, அந்த லாஞ்சுக்கு, ஒரு வால்வு சீமையிலிருந்து வர ஒன்பது மாதம் காத்திருந்தவன் நான். எனக்குப் பொறுமையைப் பற்றிச் சொல்லாதே.

போன வாரம் காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவிவிட்டது. வலது கை கொஞ்ச நேரம் மரத்துப்போயிருந்தது. பிறகு சரியாகிவிட்டது. அம்மா என்னை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுபோனாள். 210 என்றார் பராங்குசம். “ஞானையா, மகன் கெட்டிக்காரன்தான், யாரு இல்லேன்னா? அதுக்காக நீரு சாகணுமா வேய்?” என்று கத்தினார். மாத்திரைக்கு மறுபடி சீட்டும் எழுதினார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஐயரவர்கள் வாசித்த பிறகு நானே வேறு மாத்திரை தின்றால் சபையில் என்ன சொல்வார்கள்?

ஞானையா


சிகாகோ
9 ஏப்ரல் 1976

அப்பா,

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். அனுமதி, தாமதம் என்று எழுதியது பொய்.

மருந்தைப் பதினொரு பேருக்குக் கொடுத்தோம். நான்கு பேருக்கு அழுத்தம் இறங்கியது. மூன்று பேருக்கு ஒன்றும் நடக்கவில்லை. மீதி நான்கு பேருக்கு ஏறிவிட்டது. அவர்கள் உடம்பில் ஆஞ்சியோடென்சின் குறைவு. ஏற்பியில் போய் உட்கார்ந்த எங்கள் மருந்தே கொஞ்சம் அதன் வேலையைச் செய்துவிட்டது. ஒருவருக்கு உங்கள் வயது. 200-லிருந்து 240-க்குப் போனார். ஊசியை உடனே நிறுத்தினோம். இது மாத்திரையே இல்லை, அப்பா. நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். நிறுத்தினால் சில நிமிடங்களில் பலன் போய்விடும். வீட்டில் வைத்துச் சாப்பிடும் மருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பிப்ரவரியில் உங்களுக்கு எழுதும்போதே இதில் பாதி எனக்குத் தெரியும்.

ஜனவரியில் எழுதியது, நீங்கள் சந்தோஷப்பட வேண்டும் என்பதற்காக. என் பெருமைக்காகவும்தான்.

வால்வு வரும்வரை ஒன்பது மாதமும் லாஞ்சை ஓட்டினீர்களா? பாய்லரை அணைத்துத்தானே வைத்திருந்தீர்கள்? இன்றைக்கே மாத்திரையைப் போடுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

செல்வதுரை


தூத்துக்குடி
3 மே 1976

மகன் செல்வதுரைக்கு,

இதை உன் அம்மா எழுதுகிறாள். சொல்வது நான்.

பெரிய வெள்ளி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாம் வார்த்தைப் பிரசங்கம் முடிந்து பாட்டுக்கு எழுந்தேன். எழுந்தவன் பெஞ்சுகளுக்கு நடுவில் விழுந்துவிட்டேன். தேவகனியும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனார்கள். வலது பக்கம் கையும் காலும் போய்விட்டன. பேச்சு இரண்டு நாள் இல்லை. இப்போது குழறலோடு வருகிறது. அம்மாவுக்குப் புரிகிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது, நான் விழுந்து நாலு நாள் கழித்து.

அம்மா அதை எனக்கு இரண்டு தடவை வாசித்தாள். மாத்திரையை நிறுத்தியது நான்தான், நீ நிறுத்தச் சொல்லவில்லை. சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்ததும் நான்தான். அதை யார் தலையிலும் கட்டமாட்டேன். ஆனால் ஏலே, இதைப் பிப்ரவரியிலேயே எழுதியிருக்கலாமே. உன் மருந்து தோற்றுப்போனது என்று தெரிந்தால் உன்னைக் குறைவாக நினைப்பேனா? அப்படியா என்னைத் தெரிந்து வைத்திருக்கிறாய்? அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஐயரவர்கள் வீட்டுக்கு வந்தபோது உன் இந்தக் கடிதத்தையும் சபையில் வாசிக்கக் கொடுத்தேன். ஒரு வரி விடாமல் வாசித்தாராம். அதற்குப் பிறகு மூன்று பேர் அழுத்தம் பார்த்துக்கொள்ளப் பராங்குசத்திடம் போயிருக்கிறார்கள், தேவகனியும் ஒருவன். இப்போது மூன்று வேளையும் மாத்திரை போடுகிறேன். நேற்று 150-க்கு 95. காலில் அசைவு கொஞ்சம் திரும்பும், கையில் சந்தேகம் என்கிறார் பராங்குசம்.

கோபம் இருக்கிறது. அது தீரட்டும் என்று எழுதாமல் இருந்துவிடாதே. வேலையை விட்டுவிட்டு ஓடி வரவும் வேண்டாம். அந்த நான்கு பேருக்கும் ஏறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்.

அம்மாவை அவள் பங்குக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். நான் சொன்னதை மட்டும்தான் எழுதுவாளாம்.

ஞானையா
(இடது கைக் கையெழுத்து)