துளைக்குச் சம்மதம்

லண்டன்
14.02.1982

அன்புத் தங்கச்சி சிவலட்சுமிக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. வலிப்பு வந்து அடுப்பில் விழுந்து கை வெந்ததை நீ எழுதவில்லை. கடைசி வரியில் அம்மாதான் எழுதியிருந்தா.

நான் ஆஸ்பத்திரியில் மூளை அலை பதிகிற வேலை செய்வது உனக்குத் தெரியும்தானே. எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்புக்கு இங்கே ஒரு புது வைத்தியத்தைச் சோதனையாகச் செய்கிறார்கள். மண்டையில் சிறிய துளை போட்டு, மூளையின் ஆழத்துக்கு மெல்லிய கம்பி ஒன்றை இறக்குவார்கள். நெஞ்சுத் தோலுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து வரும் மின்சாரம் வலிப்பை அடக்கும் என்று நம்புகிறார்கள். எல்லோருக்கும் பலிக்கவில்லை. ஆனால் ஒரு நாளில் நாலு தரம் விழுந்த பெண் இப்போது மாதத்தில் ஒரு தரம்தான் விழுகிறாள்.

பெரிய டொக்டரிடம் உன் வலிப்பு வருத்தத்தைப் பற்றிச் சொன்னேன். கொழும்பில் மூளை அலை பதிந்து அனுப்பட்டுமாம். முதலில் உன் சம்மதம் வேண்டும்.

அன்பு அண்ணா,
தில்லைநாதன்

•

முள்ளியவளை
09.03.1982

என் அன்பு அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மண்டையைத் துளைக்கிறதோ? பிள்ளையைக் கொல்லப் போறாங்கள்" என்று அழுதா. "துளைக்கட்டும் அம்மா. இப்ப மட்டும் நான் உயிரோடயோ இருக்கிறன்?" என்று கேட்டேன்.

பயமில்லை என்று பொய் எழுதமாட்டேன். ஆனால் இருபத்தாறு வயதில் கிணற்றடிக்குத் தனியே போக எனக்கு அனுமதியில்லை. என் சைக்கிளையும் விற்றுவிட்டார்கள். மருந்து குடித்துக் குடித்து பல் முரசு வீங்கி, வாய் திறந்து சிரிக்கக் கூச்சமாக இருக்கிறது. வலிப்பு மட்டும் குறையவில்லை.

எனக்குச் சம்மதம் அண்ணா.

உங்கள் தங்கச்சி,
சிவலட்சுமி

•

முள்ளியவளை
02.08.1982

அன்பு அண்ணாவுக்கு,

கொழும்புக்குப் போய் வந்துவிட்டோம். மாங்குளத்தில் ரயில் ஏறி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது முன்னுக்கு இருந்த மனுசி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தா.

ஆஸ்பத்திரியில் தலைமயிரை விலக்கி விலக்கிப் பசை பூசிக் கம்பிகள் ஒட்டினார்கள். என் அண்ணாவும் இப்படித்தான் யாரோ ஒருத்தியின் தலையைப் பக்குவமாகத் தொடுவார் என்று நினைத்தேன். பயம் போய்விட்டது. "லண்டனில ஆர் இருக்கினம்?" என்று டொக்டர் கேட்டார். "என்ர சொந்த அண்ணா" என்று பெரிதாகச் சொன்னேன்.

பதிந்த தாள்களை இத்துடன் அனுப்புகிறேன். கெதியாகப் பதில் போடுங்கோ.

சிவலட்சுமி

•

லண்டன்
17.01.1983

அன்புத் தங்கச்சிக்கு,

உன்னை எடுத்துக்கொண்டார்கள்! ஏப்ரலில் வரலாம். டொக்டரின் கடிதமும் படிவமும் உள்ளே இருக்கின்றன.

ஒரு விசயம். உன் மச்சாள் பத்மலோசனிக்கு உன் வருத்தம் தெரியாது. கலியாணப் பேச்சில் நாங்கள் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது ஐந்து மாதம். குடும்பத்தில் வலிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் அவளுடைய ஆட்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அவள் உன்னைக் கண்டதில்லை என்பது நல்லதாய்ப் போயிற்று. நீ எங்கள் ஊர்ப் பிள்ளை, சொந்தமில்லை என்றுதான் ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருக்கிறேன். படிவத்தில் உறவினர் என்ற இடத்தை வெறுமையாக விடு. என் கூட்டாளி வீரபாகு பொறுப்பாகக் கையெழுத்து வைப்பான், அவன் வீட்டிலேயே தங்கலாம். ஆட்களுக்கு முன்னால் என்னை அண்ணா என்று கூப்பிடாதே. மூன்று மாதம்தானே. கோவிக்காதே.

தில்லைநாதன்

•

முள்ளியவளை
20.02.1983

தில்லைநாதன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று நாள் யோசித்தேன்.

உங்கள் கலியாணத்தன்று எனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி, மாங்குளத்தில் சின்னம்மா வீட்டில் என்னை விட்டார்கள். அது அம்மாவின் யோசனை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நேற்றுத்தான் கேட்டேன். "உன்ர அண்ணன்தான் சொன்னவன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

மண்டையைத் துளைக்கச் சம்மதித்தேன். மூளைக்குள் கம்பி விடச் சம்மதித்தேன். செத்தாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன். ஆனால் மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது, பக்கத்தில் நிற்கிற என் அண்ணாவை ஆரோ பிற ஆளைப் போலப் பார்க்க என்னால் முடியாது.

வரமாட்டேன் என்று டொக்டருக்கு எழுதிவிட்டேன். அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கச் சொன்னேன். காரணம் எழுதவில்லை. உங்கள் வேலைக்கு ஒன்றும் வராது.

போன வெள்ளி கோயிலடியில் விழுந்தேன். எங்கள் வயலில் வேலை செய்கிற மூக்கன்தான் என் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாராம். ஆருடைய பிள்ளை என்று சனம் கேட்டதற்கு, "நம்ம புள்ளதாங்க" என்றாராம்.

மச்சாளுக்குச் சுகமாகப் பிள்ளை கிடைக்கட்டும். அதற்கும் இந்த வருத்தம் வந்தால், அதையாவது ஒளிக்காதீர்கள்.

க. சிவலட்சுமி